அலாய் வீல் மாற்றப் போகிறீர்களா? டிசைனைக் கடைசியில் பாருங்கள்

அலாய் வீல் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் டிசைனைப் பிடித்துவிடுகிறார்கள். எங்கோ ஒரு படத்தில் கறுப்பு வீல் போட்ட காரைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் அது நம் வண்டிக்குப் பொருந்துமா என்று தேடுவது, பொருந்தாவிட்டால் ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தகடு) போடலாமா, ஃபெண்டரைக் கொஞ்சம் வளைத்துவிடலாமா, ஓட்டையை மாற்றித் துளைக்கலாமா என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால் பாதித் தொல்லை வராது. முதலில் வண்டியின் எண்கள், அப்புறம் டயர், அப்புறம் எடையும் தரமும், கடைசியில் டிசைன். அழகு முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. வீல் மாற்றுவதே முக்கால்வாசி அழகுக்காகத்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொருந்துகிற வீல்களுக்குள் அழகானதைத் தேடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் வண்டியின் எண்கள்

இப்போது வண்டியில் இருக்கும் வீல் ஒன்றைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். ஸ்போக்குகளின் பின்னாலோ ஹப் (வண்டியில் வீலை மாட்டும் முகப்பு) உட்காரும் இடத்தைச் சுற்றியோ வார்ப்பிலேயே எழுத்துகள் புடைத்திருக்கும். 15×6ஜே, இடி45 என்கிற மாதிரி ஏதாவது. 15 என்பது குறுக்களவு, 6 என்பது அகலம், இரண்டும் இன்ச்சில். ஜே என்பது டயர் உட்காரும் விளிம்பின் வடிவத்தைக் குறிப்பது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இடி என்பது ஆஃப்செட், அதைப் பிறகு பார்ப்போம். ஒன்று கவனியுங்கள், அகலத்தை ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு டேப் வைத்து அளந்தால் ஏறக்குறைய ஒரு இன்ச் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் கணக்கில் வருவது டயர் உட்காரும் இரண்டு விளிம்புகளுக்கு இடையில் உள்ள தூரம் மட்டும்தான். பழைய வீலை விற்பவர்கள் 7 இன்ச் வீலை 8 என்று சொல்வது பல நேரம் இதனால்தான், ஏமாற்ற வேண்டும் என்று இல்லை.

அடுத்தது பிசிடி. எத்தனை போல்ட், அந்தப் போல்ட்டுகளின் நடுப்புள்ளிகளைத் தொட்டுப் போகும் வட்டத்தின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பது. சின்னக் கார்களில் 4×100 அதிகம். பெரிய செடான், எஸ்யூவிகளில் 5×114.3 நிறையப் பார்க்கலாம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஸ்கோடா ஆக்டேவியா போன்றவற்றில் 5×112, போலோவில் 5×100. ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மாதிரி லேடர் சேசிஸ் (ஏணி போன்ற சட்டத்தின் மேல் கட்டிய) வண்டிகளில் 6×139.7, ஜிம்னியில் 5×139.7. நாலு போல்ட் என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஐந்து போல்ட்டில் எதிரே ஓட்டை கிடையாது, அதனால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் இரண்டுக்கு இடையில் உள்ள தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல்: 5×114.3-ல் அந்தத் தூரம் 67.2 மில்லிமீட்டர், 5×112-ல் 65.8. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, துணிக்கடை டேப்பை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெர்னியர் இருந்தால் அளக்கலாம், இல்லாவிட்டால் வண்டித் தயாரிப்பாளர் தரும் விவரத்தையே நம்புங்கள்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்றால், 4×98 வீலை 4×100 ஹப்பில் மாட்ட முயன்றால் நட் ஏறிவிடும். ஏறும், இறுகும், பார்க்கப் பொருந்திய மாதிரியே இருக்கும். உள்ளே ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டு) ஒவ்வொன்றும் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும், நட்டின் கூம்பு அதன் இருக்கையில் முழுதாகப் படியாது. ஓடும்போது நட் தளரும், இல்லாவிட்டால் ஸ்டட் முறியும். "ரெண்டு மில்லிதானே சார்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

நடு ஓட்டை, அதாவது சென்டர் போர், அவ்வளவு ஆபத்தானது இல்லை, ஆனால் அதிகம் எரிச்சல் தருவது அதுதான். ஐந்து போல்ட் ஹோண்டாக்களில் பெரும்பாலும் 64.1, ஃபோக்ஸ்வாகனில் 57.1, சின்ன டொயோட்டா, சுசூகிகளில் 54.1. வெளியில் விற்கும் வீல்களில் எல்லா வண்டிக்கும் போகட்டும் என்று 73.1 மாதிரி பெரிதாக விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ஹப் வளையம் வேண்டும், வெளிவட்டம் 73.1, உள்வட்டம் உங்கள் ஹப்பின் அளவு. வளையம் இல்லாமல் மாட்டினால் வீல் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் இம்மியளவு தள்ளி நிற்கலாம், 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங் மேல் பேலன்சிங் பண்ணிக்கொண்டிருப்பீர்கள். வண்டியின் எடையைத் தாங்குவது இந்த வளையம் இல்லை, நட்டின் இறுக்கம்தான் தாங்குகிறது. வளையத்தின் வேலை வீலை நடுவில் பிடித்து வைப்பது மட்டும். அதனால் சாதாரண ஓட்டத்துக்குப் பிளாஸ்டிக் வளையமே போதும். ரேஸ் டிராக்கில் பிரேக் கொதிக்கக் கொதிக்க ஓட்டுகிறவர்கள் அலுமினியம் வாங்கிக்கொள்ளலாம், அது துருவேறி ஹப்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொண்டு. வீலின் ஓட்டை உங்கள் ஹப்பைவிடச் சின்னது என்றால் அந்த வீலை விட்டுவிடுங்கள். கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்பார்கள், நான் செய்யமாட்டேன்.

ஆஃப்செட்: இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்

வீலின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் ஒட்டும் பரப்பு அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், மில்லிமீட்டரில். இடி45 என்றால் 45 மில்லிமீட்டர். எண் கூடக்கூட வீல் உள்ளே போகும், குறையக்குறைய வெளியே வரும். இதைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, அகலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பழையது 15×6 இடி45. நீங்கள் ஆசைப்படுவது 16×7 இடி40. அகலம் ஒரு இன்ச் கூடுகிறது, அதாவது 25.4 மில்லிமீட்டர், அதில் பாதி 12.7 வெளியே, பாதி உள்ளே. ஆஃப்செட் 5 குறைந்ததால் முழு வீலும் 5 மில்லிமீட்டர் வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 12.7-உம் 5-உம் சேர்ந்து 17.7 மில்லிமீட்டர் வெளியே வரும். உள்பக்கம் 12.7-இல் 5 போக 7.7 மில்லிமீட்டர் உள்ளே போகும். இப்போது வண்டிக்கு அருகில் உட்கார்ந்து, பழைய டயரின் உள்பக்கத்துக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (சஸ்பென்ஷன் தூண்) நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் அங்கே ஒரு விரல் நுழையவே கஷ்டப்படும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, டயர் அந்த நூலுக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இடம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் எந்த அகலம், எந்த ஆஃப்செட் என்பதை நீங்களே சொல்லிவிடலாம், யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. அதே வண்டிக்கு 16×6.5 இடி42 எடுத்தால் வெளியே 9 மில்லிமீட்டர் சொச்சம், உள்ளே 3 மில்லிமீட்டர் சொச்சம்தான் மாறும், பெரும்பாலும் எதுவும் உரசாது.

ரிம் மட்டும் இல்லை, டயரும் அதனுடன் விரியும். ஒரே டயரை அரை இன்ச் அகலமான ரிம்மில் போட்டால் அதன் மொத்த அகலம் சுமார் 5 மில்லிமீட்டர் கூடும். கணக்கில் இதையும் சேருங்கள்.

ஆஃப்செட்டை ரொம்பக் குறைத்து வீலை வெளியே தள்ளினால் நிற்கும்போது வண்டி பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், உண்மைதான். ஆனால் வீல் பேரிங்கின் மேல் விழும் சுமை கூடும், ஸ்டீயரிங் சாலையில் உள்ள ஒவ்வொரு பள்ளம் மேட்டுக்கும் இழுபடும், மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும். டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதைப் பல நாடுகளில் சட்டமே அனுமதிப்பதில்லை. உங்கள் ஊர் விதியையும், இன்சூரன்ஸ்காரர்கள் இந்த மாற்றத்தைச் சொல்லச் சொல்கிறார்களா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வீல் மாட்டாமல் போகலாம். காரணம் பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் டிஸ்க்கை இறுகப் பிடிக்கும் பகுதி. ஒரே அளவு, ஒரே ஆஃப்செட் உள்ள இரண்டு வீல்களில் ஒன்றின் ஸ்போக் நேராக இருக்கும், இன்னொன்று உள்பக்கம் வளைந்து வந்து காலிப்பரின் மூக்கில் இடிக்கும். இதை எந்த எண்ணும் சொல்லாது. சில தயாரிப்பாளர்கள் காகித அச்சு ஒன்று தருகிறார்கள், அட்டையில் ஒட்டி வெட்டி ஹப்பில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அது கிடைக்காவிட்டால் டயர் போடாத வெறும் வீலை முன் ஹப்பில் மாட்டி, கையால் சுற்றிப் பார்ப்பதுதான் வழி.

எத்தனை இன்ச் ஏற்றலாம்

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தினசரி ஓட்டும் வண்டிக்கு ஒரு இன்ச் ஏற்றினால் போதும். இரண்டு இன்ச் என்றால் நல்ல சாலை, பொறுமை, ஒரு வீல் வளைந்தாலும் தாங்கும் மனசு, மூன்றும் வேண்டும். அதற்கு மேல் போவது நின்றபடி படம் எடுக்கிற வண்டிக்கு.

வீல் பெரிதானால் டயர் ஒல்லியாக வேண்டும், மொத்த உயரம் ஏறக்குறைய பழையபடியே இருக்க வேண்டும். 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவரின் உயரம், 185-இல் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு சைடுவால், நடுவில் 15 இன்ச், மொத்தம் 621.5 மில்லிமீட்டர். 16 இன்ச்சுக்கு 195/55 போட்டால் 620.9 வரும், கிட்டத்தட்ட அதேதான். 17 இன்ச்சுக்கு 205/45 போட்டால் 616.3, ஒரு சதவீதத்துக்குள். ஆனால் கடையில் 195/50 ஆர்16 தான் இருக்கிறது என்று தலையில் கட்டினால் 601.4 ஆகிவிடும், மூன்று சதவீதத்துக்கு மேல் குறைவு. வண்டி 10 மில்லிமீட்டர் தாழும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மாறாக டயர் பெரிதாகிவிட்டால் மீட்டர் குறைவாகக் காட்டும், 100 என்று நினைத்து 103-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். மூன்று சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம், நான் இரண்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டி என்றால் நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இருப்பது கட்டாயம், இல்லாவிட்டால் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும்.

அந்த மூன்று டயர்களின் சைடுவாலை மட்டும் தனியே பாருங்கள்: 120, 107, 92. 15-இலிருந்து 17-க்குப் போகும்போது சாலைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள ரப்பர் 28 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் வளைவதும் சைடுவாலில் கொப்புளம் கிளம்புவதும் இதனால்தான். திருப்பங்களில் வண்டி சுருக்கென்று திரும்பும், அது நிஜமாகவே நன்றாக இருக்கும். அதற்கான விலை ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகில் தெரியும்.

யாரும் பார்க்காத ஒரு எண் இருக்கிறது, லோட் இண்டெக்ஸ். டயரில் அளவுக்கு அடுத்து 88எச், 84வி என்று இருக்குமே, அதில் உள்ள எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. 185/65 ஆர்15 பெரும்பாலும் 88. சாதாரண 205/45 ஆர்17 என்பது 84. பெரிய வீல் போட்டு அழகு பார்க்கப்போய் டயருக்கு 60 கிலோ தாங்கும் சக்தியைக் குறைத்துவிட்டீர்கள், நாலு டயருக்கு 240 கிலோ. அதே அளவில் எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கானது) என்று குறிப்பிட்ட, 88 உள்ள டயர் கிடைக்கும், அதைத்தான் வாங்க வேண்டும். எக்ஸ்எல் டயர் அந்த முழுச் சுமையையும் தாங்கக் காற்று கொஞ்சம் கூடுதலாக வேண்டும், பழைய பழக்கத்தில் 30 பிஎஸ்ஐ வைக்கச் சொன்னால் எக்ஸ்எல் வாங்கியதில் அர்த்தமில்லை.

டயரும் ரிம்மும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 195/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7 இன்ச் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும், 225/45 ஆர்17-க்கு 7 முதல் 8.5 வரை. இந்த எல்லைகளை டயர் தயாரிப்பாளரே கொடுத்திருப்பார். ஒல்லி டயரை அகல ரிம்மில் இழுத்துப் போடுவது ஒரு ஃபேஷன், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை இல்லை.

எடை, தயாரிப்பு, முத்திரை

அலாய் வீல் என்றாலே இரும்பைவிட லேசு என்று நினைக்கிறோம். மலிவான வார்ப்பு வீலில் அது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, பலத்துக்காக உலோகத்தை அள்ளிப் போட்டிருப்பார்கள், அதிலும் 17 இன்ச் அலாய் உங்கள் பழைய 15 இன்ச் இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பது சகஜம். எடை கூடினால் என்ன ஆகும்? ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை அது, சாலையின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து குதிப்பது. கனமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் அதை அடக்கத் திணறும். தவிர சுழலும் எடை, ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும், நிறுத்த வேண்டும். வீல் பெரிதாகும்போது அந்த எடை மையத்திலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது, அதனால் எடை அதே இருந்தாலும் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டும். சின்ன இன்ஜின் வண்டிகளில் இது பிக்கப்பிலும் மைலேஜிலும் நன்றாகவே தெரியும், மின்சார வண்டியில் ரேஞ்சில் தெரியும். வாங்கும் வீலின் எடை என்ன என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் எடை மெஷினில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தயாரிக்கும் முறை மூன்று. உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுவது வார்ப்பு. தானாக வழியவிடுவதைவிட, குறைந்த அழுத்தத்தில் கீழிருந்து ஏற்றுவதில் காற்றுக் குமிழ் குறைவு. ஃப்ளோ ஃபார்மிங்கில் முகத்தை வார்த்துவிட்டு, டயர் உட்காரும் உருளைப் பகுதியைச் சூடாக்கி உருளைகளால் அழுத்தி நீட்டுகிறார்கள். அந்தப் பகுதி மெல்லிதாகவும் வலுவாகவும் ஆகிறது. ஃபோர்ஜ்டு என்பது திடமான அலுமினியக் கட்டையைப் பெரிய அழுத்தத்தில் அமுக்கி, பிறகு கடைந்தெடுப்பது. லேசு, வலு, விலையும் அதற்கேற்ப. ஜப்பானின் ரேய்ஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த வோல்க் ரேசிங் டிஇ37 இந்த வகை, அந்த ஆறு ஸ்போக் வடிவத்தைக் காப்பியடிக்காத ஊரே இல்லை. காப்பிகள் அநேகமாக எல்லாம் வார்ப்புதான், வடிவம் ஒன்றாக இருப்பதால் வலுவும் ஒன்றாகிவிடாது. என்னைக் கேட்டால், சாதாரண மனிதருக்கு ஃப்ளோ ஃபார்மிங் வீல்தான் காசுக்கு ஏற்ற சரக்கு. ஒரு இன்ச் குறைத்து வாங்கினாலும் பரவாயில்லை, மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். நல்ல டயர் பிரேக் தூரத்தைக் குறைக்கும், எந்த ஸ்போக்கும் குறைக்காது.

இனி முத்திரை. வீலின் உள்ளே ஜேடபிள்யூஎல் என்று வார்த்திருந்தால் ஜப்பானின் தரக்கட்டளைப்படி தயாரித்ததாகத் தயாரிப்பாளரே சொல்கிறார் என்று பொருள். அதன் பக்கத்தில் விஐஏ இருந்தால் வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிந்திருக்கிறது. ஜெர்மனி வழியாக வருபவற்றில் கேபிஏ எண் இருக்கும். அமெரிக்கத் தயாரிப்புகளில் எஸ்ஏஇ ஜே2530 என்பதைத் தேடலாம், மாற்று வீல்களுக்கென்றே ஐ.நா.வின் ஒழுங்குமுறை எண் 124 இருக்கிறது. இந்தச் சோதனைகளில் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான்: வீலைச் சுழற்றிக்கொண்டே வளைக்கும் சோதனை, சுமை வைத்து நெடுநேரம் உருட்டும் சோதனை, மேலிருந்து எடையைப் போட்டு அடிக்கும் சோதனை. போலியில் ஜேடபிள்யூஎல் எழுத்தையும் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள் என்பதால் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். தயாரித்த நிறுவனத்தின் பெயர், தயாரித்த தேதி, அளவு, தாங்கும் சுமை எல்லாம் தெளிவாக வார்த்திருக்கிறதா பாருங்கள். எதுவுமே இல்லாமல் மொழுக்கென்று இருக்கிற வீலைப் பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அந்தத் தாங்கும் சுமை முக்கியம். உங்கள் வண்டியின் கதவுத் தூணில் ஒட்டிய தகட்டிலோ ஆவணத்திலோ ஒவ்வொரு அச்சுக்கும் அதிகபட்ச எடை போட்டிருக்கும். பின் அச்சு 980 கிலோ என்றால் ஒரு வீலுக்கு 490. வீலில் அதைவிடக் கூடுதலான எண் இருக்க வேண்டும். மின்சார வண்டிகளும் ஏழு பேர் உட்காரும் வண்டிகளும் கனமானவை, அவற்றுக்குச் சின்னக் காருக்கென்று செய்த வீல் பிசிடியில் பொருந்திவிடலாம், சுமையில் பொருந்தாது.

நட்டை மறந்துவிடுகிறார்கள்

புது வீல் பளபளவென்று வந்திறங்கும், அதைப் பழைய நட்டை வைத்தே மாட்டிவிடுவார்கள். நட்டின் அடிப்பகுதி வீலில் உட்காரும் வடிவம் மூன்று வகை. 60 டிகிரி கூம்பு, பந்து போல் உருண்டது, வாஷரோடு தட்டையானது. ஹோண்டாவின் கம்பெனி வீல்கள் பந்து வகை. டொயோட்டாவின் அலாய்கள் பலவற்றில் தட்டை வகை. வெளியில் விற்கும் வீல்களில் பெரும்பாலானவை கூம்பு. உருண்ட நட்டைக் கூம்பு இருக்கையில் வைத்து இறுக்கினால் தொடுவது மெல்லிய ஒரு கோடு மட்டும், கை இறுக்கத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, நூறு கிலோமீட்டர் போனபின் தளரும். நட் ஒன்றைக் கையில் எடுத்து வீலின் ஓட்டையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், முழுச் சுற்றும் படிகிறதா இல்லை நுனியில் நின்று ஆடுகிறதா என்று விரலுக்கே தெரியும்.

மரையும் பொருந்த வேண்டும். ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாயில் பெரும்பாலும் எம்12×1.5. சுசூகி, நிசான், சுபாருவில் எம்12×1.25. தவறான நட் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு பிடிக்கும், அந்த நேரத்தில் ஏர் கன்னை வைத்து அழுத்தினால் ஸ்டட்டின் மரை போச்சு. எப்போதும் நட்டைக் கையால் சுற்றி ஏற்றச் சொல்லுங்கள். எம்12×1.5 என்றால் குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். புது வீலின் முகம் தடிமனாக இருந்தாலோ நடுவில் ஸ்பேசர் இருந்தாலோ இந்தச் சுற்று குறைந்துவிடும். ஸ்பேசரைப் பற்றி ஒரே வரி: சரியான ஆஃப்செட் உள்ள வீலை வாங்கினால் அது தேவையே இல்லை.

இப்போது டிசைன்

படத்தில் ஆழமாகக் குழிந்து அழகாக இருக்கும் அந்த வீல் பெரும்பாலும் 18×9.5 இடி22 மாதிரி ஒரு அளவு. உங்கள் வண்டிக்கு வேண்டிய 16×6.5 இடி42-இல் அதே மாடல் வாங்கினால் முகம் தட்டையாக வரும், ஏனென்றால் ஆஃப்செட் கூடும்போது ஸ்போக் குழிவதற்கு இடமே இல்லை. பெயர் ஒன்று, ஆள் வேறு. அதனால் உங்கள் அளவில், உங்கள் போல்ட் எண்ணிக்கையில் எடுத்த படத்தைக் கேளுங்கள். 4×100-உம் 4×108-உம் சேர்த்து எட்டு ஓட்டை போட்ட வீல்கள் உண்டு, அவை அப்படியே வடிவமைக்கப்பட்டவை என்றால் பாதுகாப்பில் குறையில்லை, பார்க்கத்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

நிறத்தில் எளிய விதி ஒன்று. டைமண்ட் கட் எனப்படும், முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கி மேலே கிளியர் கோட் பூசிய வீல் ஷோரூமில் கண்ணைப் பறிக்கும். நடைபாதை விளிம்பில் ஒருமுறை உரசிக் கிளியர் கோட் கிழிந்தால் ஈரம் உள்ளே புகுந்து வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் பரவும். மறுபடி கடைய வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகும், அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது. வெறும் பெயின்ட், பவுடர் கோட்டிங் என்றால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். கறுப்பில் பிரேக் தூசு சாம்பலாகத் தெரியும், வெள்ளையில் சொல்லவே வேண்டாம், கன்மெட்டல் (கரும் சாம்பல்) நிறம்தான் சோம்பேறிகளுக்கு ஏற்றது. மெல்லிய ஸ்போக் பத்து இருபது உள்ள வீலைக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும் என்பதையும் யோசியுங்கள்.

பழைய வீல் வாங்குகிறீர்கள் என்றால்

நல்ல கம்பெனி வீல் பழையதாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், புதுப் போலியைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் டயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். உள்பக்க விளிம்புதான் முதலில் வளையும், வெளியிலிருந்து தெரியாது. விரலை உள்விளிம்பில் வைத்து முழுச் சுற்றும் ஓட்டினால் தட்டையான இடம் கையில் தட்டும். ஸ்போக் உருளையோடு சேரும் மூலைகளிலும் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவிலும் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் சந்தேகம் கூட வேண்டும், அதன் கீழே வெல்டிங் இருக்கலாம். வெல்டு செய்த வீலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு ஓரத்தைக் கவனித்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

மாட்டும் நாள்

டயரை ஏற்றிவிட்டால் வீலை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே முதலில் வெறும் வீல் ஒன்றை முன்பக்கம் மாட்டி, காலிப்பர் இடிக்கவில்லை என்று சுற்றிப் பார்த்த பிறகுதான் டயர். டயர் ஏறியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, உள்ளே ஃபெண்டரின் பிளாஸ்டிக் லைனரில் உரசுகிறதா பாருங்கள். பின் சீட்டில் ஆட்களை ஏற்றி ஒரு வேகத்தடையில் மெதுவாக இறங்குங்கள், உரசினால் சத்தம் வரும். வீலின் முகத்தில் பேலன்சிங் ஈய எடையைக் கிளிப் போட்டு அடிக்க வேண்டாம், உள்ளே ஒட்டும் வகை போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அடித்தபின் சொல்லிப் பயனில்லை. காற்றழுத்த சென்சார் உள்ள வண்டி என்றால் பழைய வீலிலிருந்து அதை மாற்ற வேண்டும், புது வீலின் வால்வு ஓட்டையில் அது உட்காருமா என்பதை வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். நட்டை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஹோண்டாவில் பெரும்பாலும் 108 நியூட்டன் மீட்டர், ஃபோக்ஸ்வாகனில் 120. புது வீலின் இருக்கையில் உள்ள பெயின்ட் அமுங்கும், அதனால் 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

கடைசியாக ஸ்டெப்னி. அது இன்னும் பழைய இரும்பு ரிம்தான், அதற்குப் பழைய நட் வேண்டியிருக்கலாம். பழைய நட்டு ஒரு செட்டை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வைத்துவிடுங்கள். லாக் நட் (திருட்டைத் தடுக்கும் நட்) போட்டிருந்தால் அதன் சாவியும் அதே பையில், வீட்டு அலமாரியில் இல்லை.